தைரியமாக இரு என்று சொல்லாத ஓர் ஆள்: இளவயதில் புற்றுநோய் வந்தவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

ரிப்போர்ட் வந்த வாரத்தில் வந்த போன்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்தன: "தைரியமா இரும்மா." சித்தி சொன்னார், மாடிவீட்டு மாமா சொன்னார், மேனேஜர் சொன்னார், ரத்தம் எடுக்க வந்த தம்பிகூடச் சொன்னான். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அது காதில் விழுந்ததும், நான் அடுத்துச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். "பயமா இருக்கு" என்று வாயெடுத்தவளிடம் "தைரியமா இரு" என்றால், அதற்குமேல் அவள் என்னதான் பேசுவாள்?

எனக்கு அப்போது 24 வயது. தரமணியில் வேலை, பெரம்பூரில் வீடு. கழுத்தோரம் வலியில்லாமல் வளர்ந்த கட்டிக்குப் பயாப்ஸி எடுத்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், என்று வந்தது. பதினைந்து நாளுக்கு ஒன்று வீதம் ஆறு மாதத்தில் 12 கீமோ. முடிந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் புதிதாக வந்தவர்கள் பலரோடு ஆஸ்பத்திரிப் பெஞ்சிலும் போனிலும் பேசியிருக்கிறேன். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் அநேகமாக அதேதான். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மருந்தும் சிகிச்சையும் உங்கள் டாக்டர் பாடு. இது மனசு பற்றியது.

15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைப் புற்றுநோய் மருத்துவத்தில் தனிப் பிரிவாகவே பார்க்கிறார்கள். ஆனால் காத்திருப்புக் கூடத்தில் நமக்கென்று ஒரு மூலை கிடையாது. குழந்தைகள் பக்கம் போனால் சுவரெல்லாம் யானையும் பலூனும். பெரியவர்கள் பக்கம் உட்கார்ந்தால் அறுபது வயது ஐயா ஒருவர் திரும்பிப் பார்த்து "இந்த வயசுலயா?" என்று உச்சுக் கொட்டுவார். படிப்பு, வேலை, காதல், கல்யாணம் எல்லாம் பாதியில் நிற்கும் வயது இது. அந்தப் பாதியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். நாமாகத்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

1. என்ன வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியட்டும்

நம் வீடுகளில் ரிப்போர்ட்டை முதலில் படிப்பது அப்பா. டாக்டர் அறைக்குள் தனியாகப் போய் "அவகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொள்வது தாய்மாமா. எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஆஸ்பத்திரி வாசல் போர்டிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறதே. மறைத்தது தெரியவரும் நாளில் நோய்கூடப் பின்னுக்குப் போய்விடும், இந்த வீட்டில் யாரை நம்புவது என்பதே பெரிய பாரமாகிவிடும்.

18 வயது முடிந்துவிட்டால் உங்கள் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வதும் சிகிச்சைக்குச் சம்மதம் தருவதும் உங்கள் உரிமை. முதல் சந்திப்பிலேயே நாலு விஷயம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: நோயின் முழுப்பெயர், எந்த நிலை, சிகிச்சை முழுக்கக் குணமாக்கவா அல்லது கட்டுக்குள் வைக்கவா, எத்தனை மாதம் ஆகும். மூன்றாவதைக் கேட்கத்தான் நாக்கு எழாது. காகிதத்தில் எழுதி நீட்டினாலும் போதும்.

கூடவே இன்னொன்றைப் பழகிக்கொள்ளுங்கள். "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க, டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்துடறேன்." அம்மா முகம் வாடும். வாடட்டும். மாதவிடாய், உடலுறவு, சிகரெட், சாகலாமா என்ற நினைப்பு, இதில் எதையும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது.

2. முதல் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டியது

சில கீமோ மருந்துகளும், அடிவயிற்றில் வைக்கும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) கருவளத்தைப் பாதிக்கும். ஆண்கள் விந்தணுவைச் சேமித்து வைக்க ஓரிரு நாள் போதும். பெண்கள் கருமுட்டையைச் சேமிக்க ஊசி போட்டுத் தயாராக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நோயின் வேகம் அவ்வளவு நாள் பொறுக்குமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி உங்கள் வாயிலிருந்து வர வேண்டியிருக்கலாம்.

மனசு பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். என் கதையைச் சொல்கிறேன். நான் சிகிச்சை பெற்ற இடத்தில் இதைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணம் ஆகாத பெண், அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார், எப்படிப் பேசுவது என்று விட்டிருப்பார்கள். மூன்றாவது கீமோவின்போது பக்கத்து நாற்காலி அக்கா பேச்சுவாக்கில் "முட்டை எடுத்து வெச்சியாடா?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. எனக்குக் கொடுத்தது கருவளத்தை அவ்வளவாகக் கெடுக்காத மருந்து வரிசை என்று பிறகு தெரிந்தது. தெரிவதற்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் நான் அழுதது புற்றுநோய்க்காக இல்லை, அந்த ஒரு கேள்விக்காக. "என் மருந்து கருவளத்தைப் பாதிக்குமா, சேமிக்க நேரம் இருக்கிறதா?" இவ்வளவுதான். கேட்டுவிடுங்கள்.

3. ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தைரியமாக இருப்பதுபோல் நடிக்கத் தேவையில்லாத ஓர் ஆள். ஒருவர் போதும்.

அது உயிர்த்தோழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால் உயிர்த்தோழிகள் பலர் இந்த நேரத்தில் காணாமல் போவார்கள். கோபப்படாதீர்கள், 24 வயதில் சாவைப் பற்றி யோசிக்க அவர்களுக்கும் பழக்கமில்லை. வீட்டு ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது. உங்களுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவரும் பாதி ஆளாக இருந்தால், நீங்கள் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டி வந்துவிடும்.

எனக்குக் கிடைத்தது ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி. அதற்கு முன் நாங்கள் பேசியதெல்லாம் ஏசி குளிரும் கேப் வரும் நேரமும்தான். முதல் கீமோ முடிந்த இரவு அவளிடமிருந்து ஒரு மெசேஜ்: "அந்த மருந்து என்ன கலர்ல இருக்கும்?" அவ்வளவுதான். அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் எழுதினேன்: "ஒண்ணு மட்டும் சிவப்பு. பெரிய சிரிஞ்சுல, ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி. அப்புறம் பாத்ரூம் போனாலும் அதே கலர்." "ச்சீ" என்று பதில் வந்தது. பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அன்றுதான் நான் முதல்முறை பயமாக இருக்கிறது என்று எழுதினேன். அவள் "ம்" என்று மட்டும் போட்டாள்.

உங்கள் ஆளுக்கு இது தானாகத் தெரியாது. சொல்லிவிடுங்கள். நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் மெசேஜ் இது, அப்படியே அனுப்பலாம்: "உன்கிட்ட ஒரு உதவி. நான் புலம்பும்போது நீ கேட்டா போதும். ஆறுதல், மருந்து, சாமி எதுவும் சொல்ல வேண்டாம். பதில் தெரியலன்னா 'ம்' போடு." பெரும்பாலானவர்களுக்கு இப்படிக் கேட்பது நிம்மதியாகத்தான் இருக்கிறது. என்ன சொல்வது என்று தெரியாமல்தானே பலர் போனே எடுப்பதில்லை.

வெளியூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரிப் பக்கம் லாட்ஜிலோ வாடகை அறையிலோ தங்குபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை, கூட வரும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தை நிரப்பித் தருவார்கள். கூட வருபவர் எப்போதும் அப்பாவாகவே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு தடவை உங்கள் ஆளைக் கூட்டி வாருங்கள்.

4. ஆஸ்பத்திரிக்குள் மனசுக்கும் ஒரு ஓபி இருக்கிறதா என்று கேளுங்கள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது. மற்ற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஆலோசகரோ, மருத்துவ சமூகப் பணியாளரோ இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால் அவர்களாக நம்மைத் தேடி வர நேரம் இருக்காது. கூட்டம் அப்படி. நர்ஸிடம் இப்படிக் கேளுங்கள்: "சிஸ்டர், இங்க கவுன்சலிங்குக்கு யாரைப் பார்க்கணும்? என் டாக்டர் ரெஃபர் பண்ணணுமா?"

எப்போது கேட்பது? என்னைக் கேட்டால் முதல் வாரமே. ரத்தப் பரிசோதனைக்குக் காய்ச்சல் வரட்டும் என்றா காத்திருக்கிறோம்? ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் போவதில்லை என்பதும் தெரியும். அதனால் ஒரு கணக்கு. புற்றுநோய்ப் பிரிவுகளில் மன உளைச்சலை 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லும் ஒரு முறை இருக்கிறது. பூஜ்யம் என்றால் உளைச்சலே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியவில்லை. நாலோ அதற்கு மேலோ வந்தால் பேச ஆள் தேவை. ஒவ்வொரு முறை ரத்த ரிப்போர்ட் வாங்கும்போதும் அதன் பின்பக்கம் பென்சிலில் உங்கள் எண்ணை எழுதுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால் நாம் எல்லோரும் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் சொல்வோம். "இந்த வாரம் ஏழு சார்" என்றால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆலோசகர் பேசுவார், மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, 1794-இல் தொடங்கும் வரலாறு அதற்கு. அந்த ஊர்ப்பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம், அதனாலேயே போகத் தயங்கி ஒரு வருடம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். இது முக்கியம். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு, ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் டமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். மாற்று மருந்துகள் இருக்கின்றன, ஆனால் சொன்னால்தானே மாற்றித் தருவார்கள். அதேபோல் கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்கு வருடங்கள் கழித்தும் தைராய்டு குறையலாம். அப்போது வரும் சோர்வும் சோகமும் பார்க்க மனச்சோர்வு மாதிரியே இருக்கும். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

5. கீமோ மாதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காலத்தில் செய்ய வேலை நிறைய இருக்கும், நாட்கள் தாமாக ஓடிவிடும்.

கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தைக் கிளப்பும். ரசத்தில் உப்பு குறைந்ததற்காக நான் தட்டைத் தள்ளிவிட்டதெல்லாம் அந்த மாத்திரை நாட்களில்தான். காலண்டரில் குறித்து வைத்து வீட்டாரிடம் காட்டிவிடுங்கள்: இந்த மூன்று நாள் என்னிடம் வாக்குவாதம் வேண்டாம்.

முடி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். விக் வைத்துக்கொண்டு மே மாதச் சென்னையில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், ஒரே நாளில் ஞானம் வந்துவிடும். பருத்தித் துணியே மேல். நம் ஊரில் ஒரு வசதி, மொட்டையைப் பார்த்தால் யாரும் முதலில் நோயை நினைப்பதில்லை. "திருப்பதியா, பழனியா?" என்பார்கள். எனக்கு மனசு சரியில்லாத நாட்களில் "பழனி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முள்சீத்தா, கஷாயம், ஆல்கலைன் தண்ணீர் என்று வாட்ஸ்அப்பில் வரும். ஊரிலிருந்து பெரியம்மா நித்தியகல்யாணிச் செடியையே வேரோடு கொண்டுவந்தார். அதை டாக்டரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இதிலேருந்து பிரிச்செடுத்த வின்பிளாஸ்டின்தாம்மா உனக்கு டிரிப்ல ஏறுது. அளவு பார்த்து ஏத்தறோம். செடியை அப்படியே தின்னா விஷம்" என்றார். பெரியம்மாவிடம் "நீங்க சொன்ன மருந்தையேதான் கொடுக்கறாங்க" என்றேன். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமை! சண்டை போடுவதைவிட இது சுலபம்.

6. அம்மாவுக்கும் ஒரு ஆள் வேண்டும்

என் அம்மா அந்த ஆறு மாதமும் அழவில்லை. இட்லி, இளநீர், பாத்திரத்தைக் கொதிநீரில் அலசுவது, ரத்தத்தில் வெள்ளணு கவுண்ட் குறைந்தால் வாசலிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்புவது. "நீ தைரியமா இருந்தா நானும் இருப்பேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதனால் நான் அவர் முன்னால் அழவில்லை. நான் அழாததால் அவர் அழவில்லை. பெரம்பூர் வீட்டின் இரண்டு அறைகளில் இரண்டு பேரும் ஆளுக்கொரு தலையணையை நனைத்துக்கொண்டிருந்தோம்.

உங்களால் முடிந்தால் ஒரு சாயங்காலம் சொல்லிவிடுங்கள்: "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. உனக்கும் இருக்கும்னு தெரியும்." அதற்குமேல் பேச வேண்டியதில்லை. அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ, அம்மாவைக் கோயிலுக்கோ கடைக்கோ வாரம் ஒருமுறை வெளியே கூட்டிப்போக ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ஆலோசகர்கள் வீட்டாரையும் பார்ப்பார்கள், கேட்டால்.

7. எல்லாம் முடிந்த பிறகுதான் தொடங்கும்

கடைசி கீமோ அன்று ஸ்வீட் கொடுத்தோம். அப்பா மாம்பலத்தில் புடவை எடுத்துத் தந்தார். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக என் உடம்பைத் தினமும் யாராவது கவனித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஊரே "அதான் முடிஞ்சிடுச்சே" என்றது. நான் விழுந்தது அப்போதுதான். பலருக்கும் அப்படித்தான் என்று தெரிய எனக்கு வெகுநாள் ஆனது. சிகிச்சையின்போது ஓடிக்கொண்டே இருப்பதால் பயப்பட நேரம் இருப்பதில்லை, உட்கார்ந்ததும் அத்தனையும் சேர்ந்து வருகிறது. எனவே ஆலோசகரோடு அடுத்த சந்திப்பைக் கடைசி கீமோவுக்கு அடுத்த வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆளிடமும் சொல்லுங்கள்: இனிமேல்தான் உன் வேலை ஜாஸ்தி.

என்னென்ன வரலாம்?

அயர்ச்சி. தூங்கி எழுந்தாலும் போகாத அயர்ச்சி, மாதக்கணக்கில் இருக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும். சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு உண்டா என்று பார்த்துவிட்டு, தினமும் கொஞ்சம் நடங்கள். நான் பத்து நிமிடத்தில் தொடங்கினேன், தெருமுனை டீக்கடை வரை. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக நாலு மாதம் ஆனது.

மறதி. ஓடிபி ஆறு எண்ணைப் படித்துவிட்டுத் திரும்புவதற்குள் மறந்துபோகும். கீமோவுக்குப் பிறகு இப்படி வருவது உண்டு, பெரும்பாலும் போகப்போகச் சரியாகும். அதுவரை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

குமட்டல். சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து மயிலாப்பூரில் தோழி ரோஸ்மில்க் வாங்கி நீட்டினாள். அந்த நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில், மாடவீதி ஓரத்திலேயே வாந்தி எடுத்தேன். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை, மூளை அந்த நிறத்தையும் குமட்டலையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. டாக்டர்கள் அறிந்த விஷயம்தான் இது. சிகிச்சை நடக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் குமட்டினால் சொல்லுங்கள், முந்தின இரவுக்கு மாத்திரை தருவார்கள், மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள்.

ஸ்கேன் பயம். இதுதான் நீண்டநாள் விருந்தாளி. நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் பட்டினி, பிறகு ஊசி, பிறகு ஒரு மணி நேரம் ஒரு சின்ன அறையில் அசையாமல் தனியாகக் கிடக்க வேண்டும். போன் கூடாது, பேச்சு கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் மனசு போகாத இடமில்லை. நான் பெரம்பூரிலிருந்து தரமணி வரை உள்ள பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். ஏதாவது ஒன்றை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ரிப்போர்ட். இப்போதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்து விழுகிறது. அதைத் தனியாகத் திறந்து, கடைசிப் பத்தியில் இருக்கும் ஒரு வார்த்தையை கூகுளில் போட்டு, விடியும்வரை செத்துப் பிழைப்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விதி ஒன்று: ஸ்கேனை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், ஞாயிறு முழுக்கக் கேட்க ஆள் இருக்காது. விதி இரண்டு: ஸ்கேன் தேதி வாங்கும்போதே டாக்டரைப் பார்க்கும் நேரத்தையும் வாங்கிவிடுங்கள். விதி மூன்று: ரிப்போர்ட் உங்கள் ஆளின் நம்பருக்குப் போகட்டும்.

கடைசியாக, உயிரோடு இருப்பதன் குற்றவுணர்ச்சி. பக்கத்து நாற்காலியில் வந்தவாசிப் பெண் ஒருத்தி இருந்தாள், 21 வயது, ரத்தப் புற்றுநோய். தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் அனுப்புவாள், எரிச்சலாக இருக்கும். ஒரு வியாழக்கிழமை வரவில்லை. நான் அனுப்பியதற்கு ஒற்றை டிக் மட்டும். அந்த ஒற்றை டிக்கை எத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவளுக்கு ஏன், எனக்கு ஏன் இல்லை? இதற்கு யாரிடமும் பதில் கிடையாது, ஆனால் ஆலோசகரிடம் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் விஷயம் இதுதான். ஒரு வருடம் கழித்து வந்தவாசிக்குப் பஸ் ஏறினேன். அவள் அம்மா சாப்பாடு போட்டார். புதிதாக வளர்ந்திருந்த என் முடியைக் கையால் தடவிப் பார்த்தார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

8. நம் வயதுக்காரர்களைத் தேடுவது

"யுவராஜ் சிங் திரும்பி வரலயா?" என்று உங்களிடமும் கேட்பார்கள். 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கம் வெயிலில் மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு சதம் அடித்தார். சிகிச்சை முடிந்து 2012 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில்தான் மறுபடி இந்தியாவுக்காக ஆடினார், 34 ரன். எனக்குப் பிடித்தது அதன் மிச்சப் பகுதி. அன்று இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. திரும்பி வருகிற நாளிலேயே ஜெயிக்க வேண்டும் என்று யாரும் நம்மிடம் எதிர்பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். நடிகை கௌதமிக்கு 35 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, அதைப் பற்றிப் பொதுவெளியில் பேசியவர். இவர்களைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் தினப்படிக்கு வேண்டியது பிரபலம் அல்ல, பஸ்ஸில் வந்துபோகிற நம்மைப்போல ஒருவர்.

சமூகப் பணியாளரிடம் "என் வயசுல, என் நோயோட இருக்கற யாராவது பேச ஒத்துக்குவாங்களா?" என்று கேளுங்கள். அவர்கள் சம்மதம் வாங்கி அறிமுகப்படுத்துவார்கள். சிறுவயதில் நோய் வந்து குணமானவர்களுக்கு கேன்கிட்ஸ் அமைப்பிலும், மும்பையில் இந்தியன் கேன்சர் சொசைட்டியின் உகம் குழுவிலும் தோழமை கிடைக்கும். எந்தக் குழுவாக இருந்தாலும் இரண்டு தடவை போய்ப் பாருங்கள். வெளியே வரும்போது மூச்சு லேசாக இருந்தால் தொடருங்கள். மருந்து விற்றால், "நம்பிக்கை இருந்தா போதும், கீமோ வேண்டாம்" என்றால், அன்றே வெளியேறுங்கள்.

9. வேலையும் கல்யாணமும்

வேலையில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். விடுப்புக்குத் தேவையான அளவு போதும். முழுநேரமாகத் திரும்புவதற்கு முன் சில வாரம் அரைநாள் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டாலும் கேட்டதில் நஷ்டமில்லை.

கல்யாண விஷயத்தில் என் கருத்து உறுதியானது. பலருக்குப் பிடிக்காது. சொல்லிவிட வேண்டும், நிச்சயத்துக்கு முன்பே, உங்கள் வாயால். "சொந்தக்காரங்களுக்குத் தெரிய வேண்டாம், வரன் தட்டிப்போகும்" என்று வீட்டில் சொல்வார்கள். தட்டிப்போகும்தான். எனக்கு இரண்டு தட்டிப்போனது. ஒருவர் வீட்டில் "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா..." என்று இழுத்தார்கள். வாழ்நாள் முழுக்க செக்கப் தேதியை ஒளித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவதைவிட அந்த "ஆனா"வைக் கேட்டுவிடுவது மேல். முதல் சந்திப்பில் வேண்டாம். மூன்றாவது சந்திப்பில், சாப்பாடு வருவதற்கு முன்னால் சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

10. போனில் இன்றே சேமிக்க வேண்டியவை

டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். எனக்கு அந்தக் காலத்தில் இது இல்லை.

104. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண், மனநல ஆலோசனையும் உண்டு.

சினேகா, 044-2464 0050. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையம். பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்லாமல் கேட்பார்கள். சாக வேண்டும் என்று முடிவெடுத்தால்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. அந்த நினைப்பு வந்து வந்து போகிறது என்றாலே கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 108, அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. தனியாக இருக்காதீர்கள், உங்கள் ஆளை எழுப்புங்கள்.

சினேகா எண்ணை நான் 'எஸ் டெய்லர்' என்று சேமித்து வைத்திருந்தேன். அம்மா கண்ணில் பட்டால் கேள்வி வரும், பயப்படுவார் என்று. கடைசி கீமோ முடிந்து இரண்டு வருடம் கழித்து, அம்மாவின் பழைய போனிலிருந்து புதியதற்கு நம்பர்களை மாற்றிக்கொண்டிருந்தேன். 'கேஸ் சிலிண்டர் 2' என்று ஒரு பெயர். எங்கள் வீட்டில் ஒரே ஒரு இணைப்புதான். எண்ணைப் பார்த்தேன். 044-2464 0050. ஒன்றும் கேட்காமல் அதையும் புது போனில் ஏற்றிக் கொடுத்தேன்.